பதர் நெல்

மீதிநீர் விழாவில் மூன்றாவது ஆண்டாகவும் பேச்சிக்குத்தான் முதல் பரிசு கிடைத்தது.

பெயரைக் கூப்பிட்டதும் அவள் வெறுங்காலோடு மேடை ஏறினாள். பாதம் இரண்டும் வீங்கிப்போய்ச் செருப்புக்குள் நுழையவில்லை என்பது, கீழே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்த ஜெனோவாவுக்கு மட்டும்தான் தெரியும். தலைமையாசிரியர் பதக்கத்தைப் பேச்சியின் கழுத்தில் போட்டுவிட்டு, இந்தப் பிள்ளை ஓர் ஆண்டில் திருப்பிக் கொடுத்த தண்ணீரை வைத்து ஒரு குடும்பமே இரண்டு மாதம் குடிக்கலாம் என்றார். அரங்கம் முழுக்கக் கைதட்டியது. பேச்சி சிரித்தாள். அவள் உதடுகள் வெடித்துத் தோலுரிந்திருந்தன. அங்கே இருந்த எல்லோருடைய உதடுகளும் அப்படித்தான் இருந்தன என்பதால் அதை யாரும் கவனிக்கவில்லை.

தூத்துக்குடிக்கு வடக்கே, கடல் ஏறி வந்து நின்றுவிட்ட இடத்துக்கு அப்பால் இருந்தது அந்தக் குடியிருப்பு. கிணறுகளெல்லாம் உப்பாகிவிட்டன. குடிநீர் என்பது கடற்கரை நீர் ஆணையத்தின் ஆலையிலிருந்து பைகளில் வருவது மட்டும்தான். முன்பொரு காலத்தில் தண்ணீர் வரிசையில் கத்திக்குத்து விழுந்திருக்கிறது. ஒரு குடத்துக்காக அண்ணன் தம்பி மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நாட்களில்தான் நெல் வந்தது.

அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் தணிப்பான். பார்க்க நெல்மணி அளவில் இருந்ததால் ஊரில் நெல் என்றார்கள். காறை எலும்புக்குக் கீழே சின்னதாகக் கீறி உள்ளே வைத்துவிட்டால் போதும். உடம்பில் தண்ணீர் குறையும்போது மூளைக்குப் போகிற செய்தியை அது வழியிலேயே நிறுத்திவிடும். அதன் பிறகு சாகும்வரை தாகம் எடுக்காது. நெல் வைத்த பிறகு தண்ணீர் வரிசையில் ஒரு கொலைகூட விழவில்லை. அதை யாரும் மறுக்க முடியாது. முதல் ஆண்டில் மக்கள் அதைக் கும்பிட்டு வாங்கினார்கள்.

அப்போது ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு பை. தாகம் எடுக்காதவர்கள் குடிக்க மறந்தார்கள், பைகள் மிஞ்சின. மிஞ்சுவதைப் பார்த்த ஆணையம் தேவை குறைந்துவிட்டது என்று சொல்லி மூன்றாக்கியது. அதிலும் மிஞ்சியது. இரண்டாக்கியது. ஒருவரும் சண்டைக்குப் போகவில்லை. போகவேண்டும் என்று தோன்றினால்தானே போவார்கள்? மிச்சப்பட்ட நீர் குழாய் வழியாகக் கடலோரத்து எரிபொருள் ஆலைக்குப் போனது. அங்கே தண்ணீரைப் பிளந்து, புகையே வராத எரிபொருள் எடுத்துக் கப்பலில் ஏற்றினார்கள்.

ஆறு வயதில் பள்ளியில் சேர்க்கும்போதே பிள்ளைகளுக்கு நெல் வைத்துவிடுவார்கள். ஆகவே ஜெனோவாவின் வகுப்பில் தாகம் என்பது, யானை என்பதைப்போல, எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிற, யாரும் பார்த்திராத ஒன்று.

ஜெனோவாவுக்கு மட்டும் தாகம் எடுத்தது.

அவளுடைய அம்மா லூர்தம்மாள் குடியிருப்பின் சுகாதார நிலையத்தில் செவிலி. ஊருக்கு அவள் லூர்து சிஸ்டர். பள்ளிக்கு வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் நெல் வைத்தவள் அவள்தான், மகள் உட்பட. மகளுக்கு வைத்தது என்னவோ வேலை செய்யவில்லை. வெளியே தெரிந்தால் உன்னைக் கொண்டுபோய் மறுபடி கீறுவார்கள், என் வேலையும் போய்விடும், யாரிடமும் மூச்சு விடாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். தன் பங்கிலிருந்து ஒரு பையைத் தினமும் மகளுக்குக் கொடுத்தாள். பதினோரு ஆண்டுகளாக ஜெனோவா கழிப்பறைக்குள் நின்று சத்தமில்லாமல் தண்ணீர் குடித்தாள். உதட்டை நக்காமல் இருக்கப் பழகினாள். மே மாதத்து மதிய வகுப்பில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதும், பக்கத்தில் பேச்சி திறக்காத பையை மேசைமேல் உருட்டி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போடப் பழகினாள். தன் உடம்பு ஏதோ மட்டமான உடம்பு என்று அவள் நம்பினாள்.

விழா முடிந்து இரண்டு வாரத்தில் பேச்சி வகுப்பில் சரிந்து விழுந்தாள்.

அவளுடைய அப்பா எரிபொருள் ஆலையில் குழாய் கழுவுகிறவர். வேலை உடுப்போடு ஓடிவந்து மகளைத் தோளில் போட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனார். திரையில் தெரிந்த மருத்துவர், சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது, இது பரம்பரையாக வருவது என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளிக்குப் போய்விட்டார். எங்கள் வம்சத்தில் யாருக்குமே இப்படி வந்ததில்லையே என்று பேச்சியின் அப்பா அணைந்துபோன திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெனோவா அம்மாவைப் பார்த்தாள். லூர்தம்மாள் ஊசி மருந்தை எடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்படித் திருப்பிக்கொண்டதில் ஏதோ இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஜெனோவா விடவில்லை. சோறு பரிமாற வந்த கையைப் பிடித்து நிறுத்தி, பேச்சிக்கு மட்டும்தானா என்று கேட்டாள்.

லூர்தம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒங்க வகுப்புல நாப்பது பேரு. பதினோரு பேருக்குக் கிட்னி பாதி போயிட்டு. பெரியவங்களைக் கேக்காத."

"நெல்லாலயா?"

"நெல்லு ஒண்ணும் செய்யாது. குடிக்கலல்லா, அதான். குடிக்கணும்னு தோணலன்னா யாரு குடிப்பா?"

அம்மா கரண்டியை மறுபடி எடுத்துச் சோறு போட்டாள்.

அடுத்த நாள் பள்ளி விட்டதும் ஜெனோவா பேச்சியைப் பார்க்கப் போனாள். கட்டிலின் தலைமாட்டில் பதக்கம் தொங்கியது. கீழே நான்கு தண்ணீர்ப் பைகள் திறக்காமல் கிடந்தன. மருந்து மாதிரி நேரத்துக்குக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். பேச்சிக்கு அது வயிறு முட்டச் சாப்பிட்டவளை இன்னொரு பந்தியில் உட்கார வைத்த மாதிரி இருந்தது. இரண்டு மடக்கு குடித்தால் குமட்டியது. ஜெனோவா ஒரு பையைத் திறந்து அவள் வாயருகே பிடித்தாள். பேச்சி தலையைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பை ஜெனோவாவின் கையில் இருந்தது. காலையிலிருந்து அவள் ஒன்றும் குடித்திருக்கவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் பாதிப் பையைக் குடித்துவிட்டாள்.

பேச்சி அதைப் பார்த்தபடியே இருந்தாள். இப்படி ஒருவர் தண்ணீர் குடித்து அவள் பார்த்ததே இல்லை.

மறைக்க ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. ஜெனோவா கதவைச் சாத்திவிட்டு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். நெல் வேலை செய்யாதது, கழிப்பறையில் குடித்தது, மதிய வகுப்பு. சொல்லி முடித்தபோது தன் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. பேச்சி அவளுடைய கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெடிப்பில்லாத கைகள்.

"அப்போ பழுதானது நீயில்லட்டி," என்றாள். "நாங்க."

பிறகு, தன் நெல்லை எடுத்துவிட வேண்டும் என்றும், ஜெனோவாதான் அவளுடைய அம்மாவிடம் கேட்க வேண்டும் என்றும் சொன்னாள்.

லூர்தம்மாள் முடியவே முடியாது என்றாள். நெல்லை எடுப்பது பெரிய குற்றம்; தெரிந்தால் சிறை. ஜெனோவா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு வேலை செய்யாமல் போனது அவளுக்கும் போனதாகச் சொல்லிவிடலாமே என்று கேட்டாள். அப்போதுதான் லூர்தம்மாள் உட்கார்ந்தாள். பதினோரு ஆண்டுகளாகச் சொல்லாததைச் சொன்னாள்.

"ஒனக்கு வேலை செய்யாமப் போகல. நான் வச்சதே பதரு. உள்ள இருந்த சில்லை எடுத்துட்டு வெறுங்கூட்டை வச்சேன்."

ஏன் என்று ஜெனோவா கேட்கவில்லை. அம்மாவே சொன்னாள். ஜெனோவாவுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அவளுடைய அப்பா உப்பளத்தில் செத்துக் கிடந்தார். வெயிலில் விழுந்துவிட்டார் என்றுதான் ஜெனோவாவுக்குத் தெரியும். உடலைக் கழுவியவள் லூர்தம்மாள். அவர் இடுப்பில் மூன்று பைகள் கட்டியபடி இருந்தன. மூன்றும் நிறைந்திருந்தன. முகத்தில் கஷ்டப்பட்ட அடையாளமே இல்லை. பசியாறித் தூங்குகிறவர் மாதிரி இருந்தார். தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒரு மனிதன் தண்ணீரில்லாமல் செத்ததைப் பார்த்த பிறகு, தன் மகளுக்கு அதை வைக்க அவளுக்குக் கை வரவில்லை.

"மத்த பிள்ளைகளுக்குக் கை வந்துச்சே," என்றாள் ஜெனோவா.

லூர்தம்மாள் எழப் போனாள். ஜெனோவா விடவில்லை.

"பேச்சிக்கும் நீதான வச்ச. என் பின்னாடியே வரிசையில நின்னா. என்னைய மட்டும் காப்பாத்திக்கிட்டு அவளை விட்டுட்டியேம்மா."

அம்மா அழுவாள் என்று நினைத்தாள். அழவில்லை.  எதையோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விழுங்கிக்கொண்டது மாதிரி இருந்தது. பிறகு எழுந்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் மருத்துவர் திரை அணைந்திருக்கும், அப்போது கூட்டிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னாள்.

பத்து நிமிட வேலை. வெளியே வந்த நெல்லை லூர்தம்மாள் பஞ்சில் வைத்துப் பேச்சியிடம் காட்டினாள். இவ்வளவு சின்னதா என்று பேச்சி கேட்டாள். மூன்று மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் சாயும் நேரத்தில் அவள் திடீரென்று எழுந்து உட்கார்ந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். கண் மிரண்டுபோயிருந்தது.

"இது என்னட்டி? தொண்டைக்குள்ள யாரோ நின்னு கூப்பிடுத மாதிரி இருக்கு."

ஜெனோவா பையை நீட்டினாள். பேச்சி குடித்தாள். முதல் பை முழுக்க முகத்திலும் மார்பிலும் சிந்தியது. இரண்டாவது பையைக் குடித்து முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. நிற்கவேயில்லை. ஜெனோவா முதுகைத் தடவிக் கொடுத்தாள். வலிக்கிறதா என்று கேட்டதற்குப் பேச்சி தலையாட்டி மறுத்தாள்.

"இதைப் போயி திருப்பிக் கொடுத்தேனே," என்றாள்.

அந்த வாரம் அவள் ஜெனோவாவைத் திட்டவும் செய்தாள். பகல் முழுக்க ஆலைச் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பதைப்போலத் தாகம் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கிறது, எப்படி இதோடு படித்தாய், எப்படிச் சிரித்தாய் என்று கோபப்பட்டாள். இரண்டு முறை மறுபடி வைத்துவிடச் சொல்லுவோமா என்றுகூடக் கேட்டாள். இரண்டு முறையும், ஜெனோவா பதில் சொல்லுமுன் தானே வேண்டாம் என்றாள். ஒரு மாதத்தில் கால் வீக்கம் வடிந்தது. அந்த மாதம் பேச்சியின் அப்பா தன் பைகளில் பெரும்பகுதியை மகளுக்கே கொடுத்தார். தனக்குத் தேவை என்று அவருக்குத் தோன்றவேயில்லை. ஜெனோவாவை உறுத்தியது அதுதான்.

அடுத்த மாதம் எரிபொருள் ஆலையின் மூன்றாவது அலகைத் திறக்க ஆணையத்தின் துணை ஆணையர் சாருலதா வருவதாக அறிவித்தார்கள். பள்ளியில் விழா. தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தவர்களில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்த மாணவி என்று பேச்சிக்குக் கேடயம். அதே மேடையில், இனி ஆளுக்கு ஒரு பை போதும் என்ற அறிவிப்பும் வரும் என்பது பேச்சியின் அப்பா மூலம் முன்பே தெரிந்துவிட்டது. இரண்டு பெண்களும் பள்ளி மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசினார்கள். பெரிய திட்டமெல்லாம் ஒன்றும் போடவில்லை. கேடயம் வாங்கப் பேச்சியால் தனியாக நடக்க முடியாது, கூட ஜெனோவா வருவாள் என்று ஆசிரியரிடம் சாக்குச் சொல்லி வைத்தார்கள். அவ்வளவுதான்.

விழா காலை பத்து மணிக்கு. மேடையில் அந்த ஆண்டு திருப்பிக் கொடுத்த பைகளைக் கோபுரம்போல அடுக்கி, செவ்வந்தி மாலை சுற்றியிருந்தார்கள். கீழே முன்வரிசையில் தரையில் சின்னப் பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் பெரிய வகுப்புகள், சுவரோரமாகப் பெற்றோர். முதலுதவி மேசையருகே லூர்தம்மாள் வெள்ளைச் சேலையில் நின்றிருந்தாள்.

பேச்சியின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஜெனோவா அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினாள். சாருலதா கேடயத்தை எடுத்துக்கொண்டு புன்னகையோடு திரும்பியபோது, ஜெனோவா பேச்சியின் கையை விட்டுவிட்டுக் கோபுரத்திடம் போனாள். உச்சியிலிருந்த பையை எடுத்தாள். மூலையைப் பல்லால் கடித்துத் துப்பினாள். ஒலிவாங்கியின் முன்னால் வந்து நின்று குடித்தாள்.

மடக் மடக்கென்று அவள் தொண்டை இறங்குகிற சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது.  சுவரோரமாக நின்ற பெரியவர்கள் சிலருக்கு அந்தச் சத்தம் எங்கோ கேட்ட சத்தமாக இருந்தது. அவர்கள் தங்களை அறியாமல் எச்சிலை விழுங்கினார்கள். பை காலியானதும் ஜெனோவா புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"எனக்குத் தாகமா இருந்துச்சு. குடிச்சேன்," என்றாள்.

சாருலதா பதறுகிற ஆளில்லை. ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, ஜெனோவாவின் தோளில் கை வைத்து, எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது என்று தணிந்த குரலில் கேட்டாள். உண்மையான அக்கறைதான். பிறந்ததிலிருந்து என்றாள் ஜெனோவா.

"இங்க பாரும்மா," என்றாள் சாருலதா. "இந்தத் தண்ணியிலேர்ந்து எடுக்கற எரிபொருள்ல ஓடற கப்பலும் லாரியும் புகை விடறதில்ல. அந்தப் புகையாலதான் கடல் ஏறி வந்து உங்க ஊரை முழுங்கிச்சு. இப்பதான் பூமி கொஞ்சம் கொஞ்சமா ஆறிட்டு வருது. அதுல உங்க பங்கு எவ்வளவு பெரிசுன்னு உனக்குத் தெரியுமா? உங்களுக்குக் கஷ்டம் தெரியக்கூடாதுன்னுதான் தணிப்பானே வச்சோம்."

ஜெனோவா கொஞ்சம் யோசித்தாள். அவள் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் கோபத்தை இன்னும் கூட்டியது.

"பங்குன்னா எங்ககிட்ட கேட்டுல்லா வாங்கணும். மரத்துப்போக ஊசி போட்டுட்டுக் கையை வெட்டிக்கிட்டுப் போனா, வலிக்கலங்கதுக்காக அது நாங்க கொடுத்ததா ஆயிருமா? புகை விட்டவங்க யாரும் இந்த நெல்லு வச்சிருக்காங்களா?"

சாருலதா ஒலிவாங்கியை இயக்கினாள். ஒரு மாணவிக்குத் தணிப்பான் பழுதாகியிருக்கிறது, பாவம், இத்தனை நாள் வேதனைப்பட்டிருக்கிறாள், இன்றே மாற்றிவிடலாம், கவலைப்பட ஒன்றுமில்லை என்று அரங்கத்துக்கு அறிவித்தாள். காவலர் இருவர் மேடைப் படியில் கால் வைத்தார்கள். பேச்சி அவர்களுக்கு முன்னால் வந்து நின்றாள். சட்டைக் கழுத்தை விலக்கிக் காறை எலும்பின் கீழிருந்த புதுத் தழும்பைக் காட்டி, எனக்குப் பழுதில்லை, நானே எடுக்கச் சொன்னேன் என்றாள். 

"சரி, ரெண்டு பேர்," என்றாள் சாருலதா.

அப்போது முன்வரிசையிலிருந்து இசக்கியம்மாள் எழுந்தாள். ஒன்றாம் வகுப்பு. பட்டன் மாறிப்போட்ட சட்டை. கூட்டத்தில் அவளுடைய தாய், உட்காரு உட்காரு என்று அடிக்குரலில் கெஞ்சினாள். பிள்ளை கேட்கவில்லை. படியேறி வந்து, கோபுரத்தின் அடியிலிருந்து ஒரு பையை உருவினாள். மேலே இருந்தவை சரிந்து மேடையெங்கும் உருண்டன. பால் பல்லால் மூலையைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. ஜெனோவாவிடம் நீட்டினாள்.

ஜெனோவாவுக்கு ஒன்றும் புரியவில்லை. திறந்து கொடுத்தாள். பிள்ளை இரண்டு கையாலும் பையைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அவள் குடிப்பதைப் பார்த்து இன்னொரு பிள்ளை எழுந்தது. பிறகு இரண்டாம் வகுப்பிலிருந்து இருவர். மூன்றாம் வகுப்பில் ஒரு வரிசையே எழுந்தது. ஒருவரையொருவர் திகைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும், பழுதானது தான் ஒருத்திதான், ஒருத்தன்தான் என்று நினைத்து வளர்ந்த பிள்ளை. சுவரோரமாகத் தாய்மார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உங்க பிள்ளைக்குமா என்று ஒருத்தி கேட்பது காதில் விழுந்தது.

சாருலதா முதலுதவி மேசையின் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் முதன்முறையாக நிறம் மாறியிருந்தது. இத்தனை எப்படிப் பழுதாகும் என்று கேட்டாள்.

"பழுது இல்லைங்க மேடம்," என்றாள் லூர்தம்மாள். "வெறுங்கூடு. நாலு வருஷமா வந்த அத்தனை பிள்ளைக்கும் நான்தான் வச்சேன். தாய்மார்கிட்ட நெல்லு பிடிக்கலன்னு சொல்லி, வெளிய சொல்லாதீயன்னு சத்தியம் வாங்கினேன். அவங்க மேல தப்பு இல்ல."

பிறகு மேடையைப் பார்த்தாள். மகளைத்தான் பார்த்தாள். "முன்னாலயே வச்சிருக்கணும். பயந்துட்டேன்," என்றாள்.

காவலர்கள் படியிலிருந்து இறங்கி அவளிடம் போனார்கள். அவள் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவர்களோடு நடந்தாள். ஜெனோவாவுக்கு ஓடிப்போய் அம்மாவைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. அன்றைக்குச் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. ஆனால் அவள் முன்னால் வரிசை நின்றது. நீட்டிய கைகள், நீட்டிய பைகள். சின்னப் பற்களால் மூலையைக் கடிக்க முடியாது. அவள் கடித்துக் கடித்துத் திறந்து கொடுத்தாள். பேச்சியும் பக்கத்தில் நின்று திறந்தாள். வாசலைத் தாண்டும்போது லூர்தம்மாள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மகள் வேலையாக இருந்தாள். பேச்சியின் அப்பாவும் இன்னும் நாலைந்து பேரும் சுவரை விட்டு நகர்ந்து, காவலர்களின் பின்னாலேயே வாசலுக்குப் போனார்கள். எங்கே கூட்டிப் போகிறீர்கள் என்று கேட்டார்கள்.

மேடையில் சாருலதா யாருக்கோ தொலைபேசியில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடித்துவிட்டு, பழக்கத்தில், பிள்ளைகளைப் பார்த்து ஆளுக்கு ஒரு பைதான் என்றாள்.

இசக்கியம்மாள் காலிப் பையைக் கீழே போட்டுவிட்டு மறுபடி வரிசையின் முன்னால் வந்து நின்றாள். தாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துணை ஆணையரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பத்தல," என்றாள்.